பழைய படங்களையும் உறுதிகளையும் லமினேற் செய்ய வேண்டாம்

ஆசிரியருக்கு வணக்கம்.

தங்கள் பத்திரிகையின் ஞாயிறு இதழில் வீட்டுக் குறிப்புகள் பகுதியைத் தவறாமல் வாசிப்பவன் நான். பழைய புகைப்படங்கள், காணி உறுதிகள், பிறப்பத்தாட்சிப் பத்திரங்கள் எல்லாவற்றையும் லமினேற் செய்து வைத்தால் காலத்துக்கும் பழுதாகாது என்று ஒரு வாசகி அதில் எழுதியிருந்தார். நல்ல மனத்தோடுதான் எழுதியிருக்கிறார். ஆனால் அந்த ஆலோசனை பிழை. அதை வாசித்துவிட்டு மறுநாளே என் கடைக்குச் சிலர் பழைய படங்களோடு வந்துவிட்டார்கள். திருநெல்வேலியில் பல்கலைக்கழகத்துக்குக் கிட்ட போட்டோகொப்பிக் கடை வைத்திருக்கிறேன். லமினேற் செய்து கொடுப்பதும் என் தொழில்தான். அந்தத் தொழிலைச் செய்கிறவனாகவே சொல்கிறேன்: பழைய கடதாசி எதையும் அந்த இயந்திரத்துக்குள் கொடுக்காதீர்கள்.

இதை எனக்கு விளங்கவைத்தவை பேஸ்போல் அட்டைகள், அதாவது அமெரிக்காவின் பேஸ்போல் விளையாட்டு வீரர்களின் படம் அச்சடித்த சின்ன அட்டைகள். யாழ்ப்பாணத்தில் ஒருவன் பேஸ்போல் அட்டை சேர்க்கிறான் என்றால் கேட்பவர்களுக்குப் புதினமாக இருக்கும். 1983க்குப் பிறகு அமெரிக்கா போய் நியூ ஜேர்சியில் இருக்கும் என் சித்தப்பா, அங்கே ஞாயிற்றுக்கிழமைகளில் நடக்கும் பழைய சாமான் சந்தைகளில் மலிவாக வாங்கி, வரும்போதெல்லாம் கொண்டுவந்து தருவார். சிறு வயதில் முத்திரை சேர்த்தவன் என்பதால் எனக்கு உடனே பிடித்துவிட்டது. அந்த விளையாட்டை நான் நேரில் பார்த்ததில்லை. பள்ளிக்கூடத்தில் எல்லே விளையாடியவர்களுக்குப் பாதி தானாக விளங்கும். மட்டையால் அடித்துவிட்டுச் சுற்றி ஓடிவர வேண்டும், அவ்வளவுதான் அடிப்படை.

அட்டைகளின் கதை விளையாட்டை விடச் சுவாரசியமானது. 19ஆம் நூற்றாண்டின் கடைசியில், சிகரெற் பெட்டி நசியாமல் இருக்க உள்ளே வைத்த தடித்த மட்டையில் வீரர்களின் படத்தை அச்சடித்தார்கள். பிறகு அவை பபிள்கம்மோடு வரத் தொடங்கின. நியூயோர்க் நகரின் புரூக்ளினில் இருந்த ரொப்ஸ் கம்பனி 1952இல் 407 அட்டைகள் கொண்ட தொகுதியை வெளியிட்டது. முன்பக்கம் வீரரின் நிறப்படமும் கையொப்பமும், பின்பக்கம் அவருடைய உயரம், நிறை, பிறந்த ஊர், அடித்த கணக்கு. அந்தத் தொகுதியின் கடைசிப் பகுதி, 311ஆம் இலக்கத்திலிருந்து, விளையாட்டுப் பருவம் முடிகிற நேரத்தில் கடைக்கு வந்தது. பிள்ளைகள் வாங்கவில்லை. விற்காமல் தேங்கிய பெட்டிகளை 1960இல் படகில் ஏற்றிக்கொண்டுபோய் அத்திலாந்திக் கடலில் கொட்டியதாக, அந்த அட்டைகளை உருவாக்கிய சை பேர்கர் பின்னாளில் சொல்லியிருக்கிறார். அந்தப் பகுதியின் முதல் அட்டை மிக்கி மான்ரில் என்ற வீரருடையது. அதன் ஒரு பிரதி 2022 ஓகஸ்டில் 1 கோடி 26 லட்சம் டொலருக்கு ஏலம் போனது.

நான் விலையைச் சொல்ல வந்ததல்ல. அந்தப் பிரதி ஏன் அவ்வளவு நல்ல நிலையில் இருந்தது என்பதைத்தான் சொல்ல வந்தேன். மாசசூசெற்ஸ் மாநிலத்தில் பல பத்து வருடங்களாகப் பெட்டியோடு கிடந்து, 1980களில் வெளியே வந்த அட்டைகளில் ஒன்று அது. ஒருவரும் அதைச் சுவரில் மாட்டவில்லை, அல்பத்தில் ஒட்டவில்லை, ‘பாதுகாக்கிறேன்’ என்று அதன்மேல் எதையும் பூசவில்லை. வெளிச்சமும் ஈரமும் கையும் படாமல் இருந்ததால் தப்பியது.

இதற்கு மறுபக்கமும் இருக்கிறது. 1909 முதல் 1911 வரை சிகரெற்றோடு வந்த ஹோனஸ் வாக்னர் என்ற வீரரின் அட்டை, அட்டை சேர்ப்பவர்களின் உலகத்திலேயே பேர்போனது. அச்சடிக்கத் தொடங்கிக் கொஞ்ச நாளிலேயே நிறுத்திவிட்டதால், இன்று இருப்பவை என்று அறியப்பட்டவை ஏறக்குறைய 60தான். அவற்றுள் மிக அழகானது என்று பல வருடம் கொண்டாடப்பட்ட பிரதியின் ஓரங்களைத் தானே வெட்டிச் சீராக்கியதாக, பில் மாஸ்ரோ என்ற ஏல வியாபாரி 2013இல் ஒப்புக்கொண்டார். வெட்டியது ஒரு மயிரிழை அளவு இருக்கும். ஆனாலும் அது வெட்டிய அட்டை என்ற பெயர் இனி மாறாது. சேர்ப்பவர்கள் மூலை மழுங்கிய, கறைபட்ட அட்டையைக்கூட மதிப்பார்கள். மனிதக் கை திருத்திய அட்டையை மதிக்க மாட்டார்கள். லமினேற் செய்த அட்டை என்றால் கையில் எடுத்துப் பார்க்கவே தயங்குவார்கள்.

என்னிடம் விலைபோகக்கூடியது ஒன்றும் இல்லை. பெரும்பாலும் 1971ஆம் ஆண்டின் ரொப்ஸ் அட்டைகள். அந்த வருடத்து அட்டைகளுக்குக் கறுப்பு விளிம்பு. லேசாக உரசினாலே கறுப்பு உதிர்ந்து வெள்ளை தெரியும். சித்தப்பா முதன்முதலில் தந்தபோது, “பக்கவாட்டில பிடியடா, மூலையைத் தொடாத” என்றார். அவற்றுள் எனக்கு மிகப் பிடித்தது ரொபேட்டோ கிளெமென்ரே அட்டை. புவேர்ட்டோ றிக்கோவைச் சேர்ந்த பெரிய வீரர். 1972 மார்கழியில் நிக்கராகுவாவில் பூமி அதிர்ந்தபோது, அங்குள்ள சனங்களுக்கு நிவாரணச் சாமான்களைத் தானே கொண்டுபோகப் புறப்பட்டு, 31ஆம் திகதி இரவு விமானம் கடலில் விழுந்து இறந்துபோனார். சுனாமியைக் கண்ட எங்களுக்கு அந்தப் பயணத்தின் அருமை தெரியும். அந்த அட்டையைப் பார்த்த ஒரு வாடிக்கையாளர், “அண்ணை, இதை லமினேற் பண்ணிக் கடையில மாட்டுங்கோவன், வடிவாய் இருக்கும்” என்றார். அவரும் அன்பாகத்தான் சொன்னார். எங்கள் ஊரில் ஒரு கடதாசிமேல் அன்பு வந்தால் முதல் யோசனையே லமினேற்தான்.

அது என்ன செய்கிறது என்று தொழில்முறையில் சொல்கிறேன். லமினேற் தாளின் வெளிப்பக்கம் பிளாஸ்ரிக். உட்பக்கம் சூட்டில் உருகும் பசை. இயந்திரம் 100 பாகை செல்சியசுக்கு மேல் சூடேறி, இரண்டு உருளைகளுக்கு நடுவில் வைத்து நசிக்கும். உருகிய பசை கடதாசியின் நாருக்குள் இறங்கிவிடும். பிறகு அதைப் பிரிக்க முடியாது. பிரித்தால் எழுத்தும் படமும் பிளாஸ்ரிக்கோடு உரிந்து வரும். பழைய கடதாசியில் இருக்கும் அமிலம் வெளியேறுவதுமில்லை. உள்ளேயே இருந்து கடதாசியை மஞ்சளாக்கி, நொருங்கப் பண்ணும். ஓரத்தைக் கொஞ்சம் நெருக்கி வெட்டிவிட்டால் அந்த இடத்தால் ஈரம் ஏறும், உள்ளே பூஞ்சணம் பிடித்தாலும் துடைக்க வழியில்லை. புகைப்படத்தின் மேற்படை ஜெலற்றின். ஈரத்தையும் சூட்டையும் அது தாங்காது. முத்திரையின் மை, பென்சில் எழுத்து, நொந்துபோன மடிப்பு எல்லாம் அந்த உருளைகளுக்கு ஒன்றுதான். கடைகளில் தரும் ரசீது மாதிரியான, சூட்டில் அச்சாகும் துண்டைக் கொடுத்தால் முழுவதும் கறுத்துத்தான் வெளியே வரும்.

அடையாள அட்டையின் பிரதி, பிள்ளையின் நேரசூசி, கடையின் விலைப்பட்டியல் இதற்கெல்லாம் லமினேற் நல்லது. மறுபடி அச்சடிக்கக்கூடிய எதற்கும் நல்லது. மறுபடி அச்சடிக்க முடியாததற்குத்தான் கூடாது.

போன மாரியில் ஓர் அம்மா வந்தார். கையில் ஒரு சின்னக் கறுப்பு வெள்ளைப் படம். வெள்ளைச் சட்டை போட்ட பெடியன், பின்னால் வேலியும் ஒரு பனையும். “தம்பி, இதை ஒருக்கா லமினேற் பண்ணித் தாரும். இது ஒண்டுதான் இருக்கு” என்றார். ‘இது ஒண்டுதான் இருக்கு’ என்ற சொல்லை இந்தக் கடையில் நான் எத்தனையோ தரம் கேட்டிருக்கிறேன். “அம்மா, ஒண்டுதான் இருக்கு எண்டால் அதுக்குள்ள குடுக்கவே கூடாது. நான் இதை ஸ்கான் பண்ணிப் பெரிசா அடிச்சுத் தாறன், அந்தப் பிரதியை லமினேற் பண்ணுவம். இது உறைக்குள்ள இருக்கட்டும்” என்றேன். சுவரில் மாட்டப் பெரிய படம் கிடைத்ததில் அவருக்குச் சந்தோசம். உண்மையான படமும் தப்பியது.

1995 ஒக்ரோபர் 30 இரவு வலிகாமத்தை விட்டு வெளிக்கிட்ட சனத்தின் கையில் இருந்தவை என்ன? உறுதி, அடையாள அட்டை, பிள்ளைகளின் பிறப்பத்தாட்சி, கலியாண அல்பம். பொலித்தீன் பையில் சுற்றி, மழையில் நனையாமல் நெஞ்சோடு அணைத்துக்கொண்டு போனவை. அப்படித் தப்பிய கடதாசிகளைத்தான் இன்றைக்கு ஒரு நூறு ரூபாய் வேலையில் நாங்கள் பழுதாக்குகிறோம். 1981இல் எரிந்த யாழ்ப்பாணப் பொது நூலகத்தில் ஏறத்தாழ 97,000 நூல்களும் சுவடிகளும் போயின. பொது இடத்தில் இருந்தது போனபிறகு, எங்கள் சரித்திரத்தில் பெரும் பங்கு வீட்டு அலுமாரிகளுக்குள்தான் கிடக்கிறது. நூலகம் என்ற இணையத்தள அமைப்பினர் பழைய நூல்களையும் பத்திரிகைகளையும் மலர்களையும் ஸ்கான் செய்து எல்லோரும் வாசிக்கக் கூடியதாக வைக்கிறார்கள். லமினேற் செய்த தாளை ஸ்கான் செய்தால் வெளிச்சம் தெறித்து எழுத்து மங்கும் என்பது என் அனுபவம்.

உறுதிக்கு இன்னொரு பிரச்சினையும் உண்டு. உறுதியின்மேல் பிறகு முத்திரை குத்தவோ, பின்பக்கம் எழுதவோ நேரிடலாம். பிளாஸ்ரிக்கின்மேல் எதைக் குத்துவது? முத்திரை அழுத்தமாகப் பதிந்திருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்க்கவும் இயலாது.

அப்படியென்றால் என்ன செய்வது? அட்டை சேர்ப்பவர்களிடம் நான் கற்றது செலவில்லாத முறை. முதலில் ஸ்கான் செய்யுங்கள், அல்லது பகல் வெளிச்சத்தில் நிழல் விழாமல் தொலைபேசியால் படம் எடுங்கள், இரண்டு பக்கத்தையும். அட்டையின் பின்பக்கம்தான் அதன் வரலாறு. படத்தின் பின்பக்கமும் அப்படித்தான், ஸ்ரூடியோவின் முத்திரையும் திகதியும் அங்கேதான் இருக்கும். பிறகு ஒரு பக்கம் திறந்த தெளிவான உறைக்குள் போடுங்கள். உறை பொலிபுறொப்பிலீனாகவோ பொலியெஸ்ரராகவோ இருக்கட்டும். பிவிசி வேண்டாம். புது மழைக்கோட்டு மாதிரி மணக்கிற உறை என்றால் அநேகமாகப் பிவிசிதான், அது நாள் போகக் கசிந்து படத்தோடு ஒட்டிக்கொள்ளும். நல்ல உறை கிடைக்காவிட்டால் வெறும் வெள்ளைக் கடதாசி உறை போதும். மேலே பிளாஸ்ரிக்கை இழுத்து மூடும் ஒட்டுப் பக்க அல்பத்தில் இருக்கும் படங்களை, இன்னும் கழன்று வரும்போதே கழற்றிவிடுங்கள். றப்பர் பான்ட், குண்டூசி, செலோரேப் மூன்றும் எதிரிகள். ஊசி எங்கள் உப்புக் காற்றில் துருப்பிடித்து ஓட்டை போடும்.

ஒட்டுவது பற்றி ஒரு வார்த்தை. ஜெபர்சன் பேர்டிக் என்ற அமெரிக்கர் தன் வாழ்நாளில் 3 லட்சத்துக்கு மேற்பட்ட அட்டைகளும் அச்சுத் துண்டுகளும் சேர்த்து, நியூயோர்க்கின் மெற்றோபொலிற்றன் அருங்காட்சியகத்துக்கு இலவசமாகக் கொடுத்தார். வாதநோயால் விரல்கள் மடங்கிய நிலையிலும் பல வருடம் அங்கே போயிருந்து, தானே அவற்றை அல்பங்களில் ஒட்டி ஒழுங்குபடுத்தி, 1963 தை மாதம் முடித்தார். இரண்டு மாதத்தில் இறந்துபோனார். நான் மிக மதிக்கும் மனிதர். ஆனால் பசை போட்டு ஒட்டிய அட்டையின் பின்பக்கத்தை எவரும் வாசிக்க முடியாது. அவ்வளவு அன்பு வைத்தவர் கையிலேயே அப்படி நடந்திருக்கிறது என்றால் நாங்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும்.

வைக்கும் இடமும் முக்கியம். நிலத்தில் வேண்டாம், கறையான். தகரக் கூரைக்குக் கீழே பரணில் வேண்டாம், சூடு. மழை அடிக்கும் வெளிச்சுவரோடு ஒட்டிய அலுமாரியும் வேண்டாம். வீட்டின் நடு அறையில், அலுமாரியின் நடுத்தட்டில் வையுங்கள். மாரி முடிந்து நல்ல வெயில் வந்த பிறகு ஒருமுறை எடுத்து, நிழலில் காற்றாட விட்டு, வாலன்பூச்சி இருக்கிறதா என்று பாருங்கள். பசையும் கஞ்சியும் இருக்கும் இடத்தைத்தான் அது முதலில் தின்னும்.

பாடசாலைகளுக்கும் ஒரு வேண்டுகோள். யாழ் மத்திய கல்லூரிக்கும் சென் ஜோன்ஸ் கல்லூரிக்கும் இடையிலான வடக்கின் பெரும் போர் 1904இலிருந்து நடக்கிறது. அதன் பழைய மலர்கள், ஆட்டக் கணக்குத் தாள்கள், அணிப் படங்கள் எத்தனை வீடுகளில் இருக்கும்? அமெரிக்கர்கள் ஒரு பபிள்கம் அட்டையைக் காப்பாற்றும் கவனத்தில் பாதியாவது எங்கள் பெடியள் விளையாடிய கணக்குத் தாளுக்குக் கிடைக்க வேண்டும். கண்காட்சிக்கு வைப்பதென்றால் பிரதியை லமினேற் செய்து வையுங்கள், மூலத்தை உள்ளே வையுங்கள்.

என்னைப்போல் கடை நடத்தும் சகோதரர்களே, ஒரு படத்துக்குக் கிடைக்கும் காசு பெரிய காசு இல்லை. பழைய கடதாசி வந்தால், “பிரதி எடுத்து அதை லமினேற் பண்ணுவம்” என்று சொல்லுங்கள். வருமானமும் குறையாது, இரண்டு வேலைக்கும் காசு உண்டு.

நல்லூர்த் திருவிழாவுக்கு வெளிநாட்டிலிருந்து ஆட்கள் வரும் காலம் நெருங்குகிறது. பழைய வீட்டு அலுமாரியைத் திறந்து, கிடைக்கிற படங்களையெல்லாம் லமினேற் செய்து பெட்டியில் வைத்துக்கொண்டு போவது வழக்கமாகிவிட்டது. ஆகவே கொடியேற்றத்துக்கு முன்னரே, அந்தக் குறிப்பு வந்த அதே பகுதியில், இந்த மறுப்பைப் பிரசுரிக்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
போட்டோகொப்பிக் கடைக்காரன்,
திருநெல்வேலி, யாழ்ப்பாணம்.