பரங்கிமலைக்குப் புறப்படுமுன் ஒரு நன்றி மடல்

பாளையங்கோட்டைச் சொந்தங்களுக்கும் குறுக்குத்துறைக்காரர்களுக்கும் வணக்கம்.

சென்னை பரங்கிமலையில் இருக்கும் ராணுவ அதிகாரிகள் பயிற்சி அகாடமியில் வந்து சேரச் சொல்லிக் கடிதம் வந்துவிட்டது. என்.சி.சி. சிறப்பு நுழைவில் போகிறேன். 'சி' சான்றிதழ் இருந்ததால் எழுத்துத் தேர்வு கிடையாது. நேராக பெங்களூரில், அதிகாரியாகத் தகுதி உண்டா என்று பார்க்கிற ஐந்து நாள் எஸ்.எஸ்.பி. தேர்வு, அப்புறம் மருத்துவப் பரிசோதனை. வீட்டுக்கு வருகிறவர்கள் எல்லாரும் "பிள்ளை நல்லாப் படிச்சிருக்கு" என்கிறார்கள். படிப்பு என் பாடு, சரி. இந்த உடம்பைத் தேற்றிக் கொடுத்தது நீங்கள்தான். அது யாருக்கும் தெரியாமல் போய்விடக் கூடாது.

பயிற்சிக்கு வரும்போது உடம்பு எப்படி இருக்க வேண்டும் என்பதை ராணுவம் அறிவிப்பிலேயே போட்டுவிடுகிறது. பெண்கள் 2.4 கிலோமீட்டரை 13 நிமிடத்தில் ஓட வேண்டும். தண்டால் 15, சிட்-அப் 25, புல்-அப் 2. நீச்சல் ஓரளவுக்காவது தெரிந்திருக்க வேண்டும். ஆண்களுக்கு ஓட்டம் பத்தரை நிமிடம், புல்-அப் 6. தாளில் பார்த்தால் ஒன்றும் பெரிதாகத் தெரியாது. கம்பியில் தொங்கிப் பார்த்தவர்களைக் கேளுங்கள், அந்த இரண்டு எவ்வளவு என்று சொல்வார்கள்.

முதலில் சுபேதார் மாமா. மெட்ராஸ் ரெஜிமென்ட்டில் இருந்து ஓய்வு பெற்று வந்த மனிதர், விடியுமுன்னே சைக்கிளை மிதித்துக்கொண்டு அண்ணா விளையாட்டரங்கத்துக்கு வந்து நிற்பார். நானூறு மீட்டர் தடத்தில் ஆறு சுற்று. சுற்றுக்கு 2 நிமிடம் 10 விநாடி. கணக்கைச் சொல்லிவிட்டு என் வாட்சைக் கழற்றி வாங்கித் தன் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். இப்போதைக்கு வேகமே கூடாதாம். ஒவ்வொரு சுற்றிலும் அவரைக் கடக்கும்போது ஒரு கேள்வி வரும். "ராத்திரி என்னட்டி சாப்பாடு?" வெறும் "தோசை" என்றால் ஒத்துக்கொள்ள மாட்டார். எத்தனை தோசை, என்ன சட்னி, யார் சுட்டது என்று முழுசாகச் சொல்ல வேண்டும். சொல்ல மூச்சு வரவில்லை என்றால் வேகம் ஜாஸ்தி, குறை. ஓட்டத்தைத் திடீரென்று கூட்டியதால் கால் எலும்பில் கீறல் விழுந்து பயிற்சியைப் பாதியில் விட்டவர்களை அவர் பார்த்திருக்கிறார். பெண் பிள்ளைகளுக்கு அந்த ஆபத்து இன்னும் அதிகம் என்பதை யூடியூபில் கத்துகிற பயிற்சியாளர்கள் எத்தனை பேர் சொல்கிறார்கள்? வாட்ச் திரும்பக் கைக்கு வந்த பிறகுதான் வேகப் பயிற்சியே தொடங்கியது. மாமா, உங்கள் கேள்விகளுக்கு நன்றி. சட்னி விஷயத்தில் சில நாள் பொய் சொல்லியிருக்கிறேன்.

ஆரம்ப சுகாதார நிலைய டாக்டரம்மாவுக்கு அடுத்த நன்றி. மூன்றாவது சுற்றிலேயே கால் துவண்டுவிடுகிறது என்று போனபோது, "மனசைத் திடப்படுத்திக்கோ" என்று அனுப்பிவிடாமல் ரத்தப் பரிசோதனைக்கு எழுதிக் கொடுத்தார். ஹீமோகுளோபின் குறைவு. இரும்புச் சத்து மாத்திரை கொடுத்து, அதைப் போட்ட கையோடு டீ குடிக்கக் கூடாது, குடித்தால் சத்து உடம்பில் ஒட்டாது என்றார். நான் டீ கேட்கும் நேரமெல்லாம் மணியைப் பார்த்துவிட்டுக் கொடுத்த மைதானத்து டீக்கடை அண்ணாச்சிக்கும் இதில் பங்கு உண்டு.

வெல்டிங் பட்டறை அண்ணனை எப்படிச் சொல்வது? எங்கள் கொல்லையில் இரண்டு தூணுக்கு நடுவே புல்-அப் கம்பி வைத்துக் கொடுத்தார். முதலில் வைத்தது ஒன்றரை இஞ்ச் குழாய். என் கை சின்னது, விரல் சுற்றிப் பிடிக்கவில்லை. உடம்பைத் தூக்குமுன் பிடியே நழுவியது. மறுநாள் வந்து என் கையை விரித்துப் பார்த்தார், ஒன்றும் பேசவில்லை, அதை அறுத்துவிட்டு ஒரு இஞ்ச் குழாயை வைத்தார். வழுக்காமல் இருக்க உப்புத்தாள் போட்டுத் தேய்த்தும் விட்டார். ஸ்டூலில் ஏறி, தாடை கம்பிக்கு மேல் இருக்கும்படி பிடித்துக்கொண்டு, மெதுவாக, மிக மெதுவாகக் கீழே இறங்குவதுதான் என் பயிற்சி. ஏறத் தெம்பு இல்லாதவர்கள் இறங்கிப் பழகினால் போதும், ஏறும் பலம் தானே வரும். கூலி கேட்டால், "ஆபீசர் ஆனப்புறம் குடு" என்றார். அண்ணே, அது கடனாகவே இருக்கட்டும்.

குறுக்குத்துறை அத்தை இல்லாவிட்டால் நீச்சல் வந்திருக்காது. முருகன் கோயில் பக்கத்துப் படித்துறையில், சேலையை வரிந்து கட்டிக்கொண்டு தாமிரபரணியில் இறங்கி, முகத்தைத் தண்ணீருக்குள் வைத்து மூச்சு விடப் பழக்கினார். ஆற்றில் தண்ணீர் கூடின நாளில் படியில் கால் நனைக்கவும் விடமாட்டார்.

கல்லூரி என்.சி.சி. மேடத்துக்கு நன்றி. எஸ்.எஸ்.பி.யில் ஒருவர் தனியாகத் தாண்ட வேண்டிய தடைகள் பத்து, நேரம் 3 நிமிடம். தடையின் எண்தான் அதற்கான மதிப்பெண். களத்தில் கால் வைக்குமுன் எது பக்கத்தில் இருக்கிறது, எதில் தொடங்கி எதில் முடிப்பது என்று மனசுக்குள் வரைபடம் போட்டுக்கொள்ளச் சொன்னவர் அவர். மருத்துவப் பரிசோதனைக்கு முன்னால் காதைச் சுத்தம் செய்துகொள்ளச் சொன்னதும் அவரே. காதில் குறும்பி இருந்தால்கூட அப்போதைக்குத் தகுதியில்லை என்று எழுதிவிடுவார்கள், தெரியுமா?

அம்மாவுக்கு இங்கே நன்றி சொன்னால் திட்டு விழும், அதனால் சொல்லவில்லை.

அங்கே 49 வாரப் பயிற்சி. போர்க்கள வீரத்துக்கான மிக உயர்ந்த விருதான பரம்வீர் சக்ரா பெற்ற மேஜர் ராமசாமி பரமேஸ்வரன் பெயரில் இருக்கிற அணிவகுப்பு மைதானத்தில் நிற்கப் போகிறேன் என்பதை நினைத்தால் இப்போதே வயிற்றைக் கலக்குகிறது. போனை எப்போது கையில் தருவார்களோ. பதில் வரவில்லை என்று யாரும் கோபித்துக்கொள்ள வேண்டாம்.

கம்பி கொல்லையிலேயே இருக்கும். தெருவில் எந்தப் பிள்ளைக்கு வேண்டுமானாலும் பின்கதவு திறந்திருக்கும். ஸ்டூல் மாட்டுக்கொட்டகைக்குள் இருக்கிறது. கொஞ்சம் சீக்கிரம் வாருங்கள். அம்மா ஏற்கெனவே கம்பியில் ஈரத்துணி காயப் போடத் தொடங்கிவிட்டார்.

அன்புடன்,
உங்கள் வீட்டுப் பிள்ளை