எந்த எறும்பு என்று பாராமல் மருந்து தெளிப்பது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். எறும்பு மருந்து வாங்க மளிகைக் கடைக்குச் செல்பவரிடம் எந்த எறும்புக்கு என்று கடைக்காரர் கேட்பதில்லை. கேட்டாலும் கறுப்பு, சிவப்பு என்பதற்கு மேல் நம்மில் பெரும்பாலோரால் விடை சொல்ல இயலாது. இந்தியாவில் 800-க்கும் மேற்பட்ட எறும்பு வகைகள் பதிவாகியுள்ளன. அவற்றுள் வீட்டுக்குள் வந்து தொல்லை தருபவை மிகச் சிலவே. அந்தச் சிலவற்றையும் பிரித்தறியாமல் எல்லாவற்றின் மீதும் ஒரே மருந்தைத் தெளிப்பதால், தீங்கற்றவை மடிவதும் தீங்கானவை வீடெங்கும் பரவுவதும் நடக்கின்றன. விலங்கியல் ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன் என்ற முறையில் இது குறித்துத் தங்கள் நாளிதழ் வழியே சில செய்திகளைச் சொல்ல விரும்புகிறேன்.

கறுப்பு எறும்புகளில் நாம் அடிக்கடி காண்பது, நீண்ட கால்களும் நீண்ட உணர்கொம்புகளும் கொண்டு, நேர்கோட்டில் செல்லாமல் அங்குமிங்கும் விரைந்தோடும் சிறிய எறும்பு. இது கடித்து வலி உண்டாக்குவதில்லை என்பதால் பிள்ளையார் எறும்பு, சாமி எறும்பு என்று சொல்லிக் கொல்லாமல் விட்டுவிடும் வழக்கம் பல வீடுகளில் உண்டு. அவ்வழக்கத்தில் தவறில்லை, ஆயினும் சாக்கடையிலும் குப்பையிலும் உலவிய கால்களோடு உணவின் மீதும் ஏறும் என்பதால், பண்டங்களை மூடி வைத்தே ஆக வேண்டும். இன்னொன்று ஒன்றரை மில்லிமீட்டர் நீளமே உள்ளது. தலையும் மார்பும் கருத்திருக்க, வயிறும் கால்களும் ஏறத்தாழ நிறமற்று இருப்பதால், வெள்ளைத் தரையில் கரும்புள்ளிகள் மட்டும் நகர்வதாகத் தோன்றும். விரலால் நசுக்கினால் கெட்டுப்போன தேங்காயின் வாடை வரும். சர்க்கரை டப்பாவை மொய்ப்பதற்கு மேல் இதனால் பெரிய தீங்கில்லை.

சிக்கல் இருப்பது சிவப்பு எறும்புகளிடம்தான். நாம் ஒன்றாகச் சேர்த்துவிடும் இவற்றுள் குறைந்தது மூன்று வகைகள் நம் வீடுகளில் உள்ளன. முதலாவது நெருப்பெறும்பு. சுவரோரத்து மண்ணிலோ தோட்டத்திலோ கூடு கட்டி, செங்கல் இடுக்கு வழியே உள்ளே வரும் இது, வேர்க்கடலையையும் எண்ணெய்ப் பண்டங்களையும் மிகவும் விரும்பும். ஒரே வரிசையில் சிறியவற்றோடு பெரிய சதுரத் தலை கொண்டவையும் கலந்து செல்வதைக் கண்டால் இதுவே என்று கொள்ளலாம். வயிற்றின் நுனியில் உள்ள கொடுக்கால் கொட்டுவதால்தான் அந்த எரிச்சல் உண்டாகிறது. இரண்டாவது வகைக்குத் தலையும் மார்பும் மஞ்சள் கலந்த பழுப்பாகவும் வயிறு கருமையாகவும் இருக்கும். துணியையும் மின்கம்பிகளின் மேலுறையையும் இது அரிக்கும் என்பதால், சுவிட்ச் போர்டிலிருந்து எறும்புகள் சாரிசாரியாக வெளியே வந்தால் எலக்ட்ரீஷியனை அழைத்துப் பார்க்கச் சொல்வது நல்லது. மருந்துப் புட்டியோடு நாமே போர்டைத் திறப்பது கூடாது.

மூன்றாவது வகைதான் மிகவும் தொல்லையானது. 2 மில்லிமீட்டர் நீளமும், ஏறத்தாழ ஒளி ஊடுருவும் இளமஞ்சள் நிறமும், வயிற்றின் பின்பகுதியில் சற்றுக் கருமையும் கொண்ட இந்த எறும்பு, உலகின் பல நாடுகளில் மருத்துவமனைகளின் தீராத தலைவலியாக இருக்கிறது. இனிப்போடு நில்லாமல் இறைச்சி, கொழுப்பு, புண்ணின் கசிவு ஆகியவற்றையும் தேடிச் சென்று, சால்மோனெல்லா, ஸ்டெஃபிலோகாக்கஸ் போன்ற நோய்க்கிருமிகளைச் சுமந்து திரியக்கூடியது. சுவர் விரிசல், மின் இணைப்புப் பெட்டி, மடித்து வைத்த துணி என எங்கும் கூடு அமைக்கும். ஒரு கூட்டில் பல ராணிகள் இருக்கும். தெளிப்பு மருந்து பட்டதும் கூட்டம் சிதறி, ஒவ்வொரு பகுதியும் புழுக்களையும் முட்டைகளையும் எடுத்துக்கொண்டு வேறிடம் போய்த் தனிக்கூடாகிவிடும். சமையலறையில் இருந்த தொல்லை மருந்தடித்த சில நாள்களில் படுக்கையறைக்கும் வந்துவிட்டது என்று புலம்பும் வீடுகளில் பெரும்பாலும் நடந்திருப்பது இதுவே. ‘மருந்து போலி’ என்று கடைக்காரரோடு சண்டை பிடிப்பதில் பயனில்லை. மருந்து வேலை செய்ததுதான் தொல்லைக்குக் காரணம்.

இவ்வகைக்கு ஏற்றது மெதுவாக வேலை செய்யும் இரைமருந்து. 100 மில்லிலிட்டர் சர்க்கரைக் கரைசலில் 1 கிராம் போரிக் பவுடரைக் கலந்து, பஞ்சில் நனைத்து எறும்பு செல்லும் வழியில் வைத்தால், வேலைக்கார எறும்புகள் அதைக் குடித்துவிட்டுக் கூட்டுக்குத் திரும்பி ராணிக்கும் புழுக்களுக்கும் வாய்வழியே ஊட்டும். இனிப்பை நாடாவிட்டால் அதே மருந்தை வேர்க்கடலை விழுதில் கலந்து வைக்கலாம். அளவைக் கூட்டினால் எறும்பு வழியிலேயே செத்துவிடும், கூட்டுக்குச் சேதி போகாது. பலன் தெரியச் சில வாரங்கள் ஆகும். அதுவரை மொய்க்கும் எறும்புகளை விரட்டாமல் பொறுத்துக்கொள்வதே இம்முறையில் கடினமான பகுதி. போரிக் பவுடரும் நஞ்சே என்பதால் குழந்தைகளுக்கும் வளர்ப்புப் பிராணிகளுக்கும் எட்டாத மூடிய டப்பாவில், சிறு துளையிட்டு வைக்க வேண்டும். மஞ்சள் தூளும் சோப்புத் தண்ணீரும் எறும்புகள் இட்டுச் சென்ற வாசனைத் தடத்தைக் கலைத்து அவற்றைத் திசைதிருப்பலாம், கூட்டை ஒன்றும் செய்யா.

வெளியிலிருந்து வரும் எறும்புகளுக்கு இத்தனை பாடு தேவையில்லை. முசுறு, மாமரத்தில் இலைகளைப் பின்னிக் கூடு கட்டுவது. கிளை மொட்டைமாடியைத் தொட்டால் அதன் வழியே இறங்கும். கிளையை வெட்டினால் போதும், தோப்பில் பூச்சிகளைத் தின்று நன்மை செய்யும் அதைக் கொல்ல வேண்டியதில்லை. கட்டெறும்பும் மண்ணில் வாழ்வதே. தொட்டிச் செம்பருத்தியில் எறும்பு ஏறினால் இலையின் அடியில் மாவுப்பூச்சியோ அசுவினியோ இருக்கிறது என்று பொருள். அவை சுரக்கும் இனிப்பு நீருக்காக எறும்புகள் அவற்றுக்குக் காவல் நிற்கும் ஆதலால், பூச்சியை நீக்கினால் எறும்பும் போய்விடும். ஆனால் தலையும் வயிறும் கருத்து, நடுப்பகுதி மட்டும் செம்பழுப்பாக, ஒரு சென்டிமீட்டருக்கு மேல் நீண்டு, பட்ட மரங்களில் வாழும் எறும்பிடம் எச்சரிக்கை வேண்டும். இது கொட்டியதால் உயிருக்கே ஆபத்தான ஒவ்வாமை ஏற்பட்டதை இலங்கையிலும் தாய்லாந்திலும் மருத்துவர்கள் பதிவு செய்துள்ளனர். எந்த எறும்பு கொட்டினாலும் மூச்சுத் திணறலோ, முகவீக்கமோ, மயக்கமோ தோன்றினால் சுண்ணாம்பு தடவிக்கொண்டு காத்திராமல் உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

2022-ஆம் ஆண்டு திண்டுக்கல் மாவட்டம் நத்தம் அருகே கரந்தமலைக் காட்டை ஒட்டிய சிற்றூர்களில் மஞ்சள் நிற எறும்புகள் பெருகிக் கால்நடைகளைத் தாக்கிய செய்தி வந்தபின், வீட்டில் மஞ்சளாக எதைக் கண்டாலும் சிலர் அஞ்சுகின்றனர். அந்த எறும்பு 4 மில்லிமீட்டருக்கு மேல் நீளமும் மிக நீண்ட கால்களும் உடையது. கொட்டாது, ஃபார்மிக் அமிலத்தைப் பீச்சும். அடுக்களையில் திரியும் 2 மில்லிமீட்டர் எறும்பு அதுவன்று.

உள்ளாட்சி அமைப்புகளின் சுகாதாரப் பிரிவுகளும் வேளாண் கல்லூரிகளின் பூச்சியியல் துறைகளும் இணைந்து, வீட்டு எறும்புகளின் படங்களோடு ஒரு பக்கத் தமிழ்க் கையேடு வெளியிட வேண்டும். மருத்துவமனைகளிலும் விடுதிகளிலும் பூச்சி ஒழிப்புப் பணியைக் குத்தகைக்கு எடுப்போர், எந்த எறும்பு எனக் கண்டறிந்து எழுதித் தந்த பின்னரே மருந்து தெளிக்க வேண்டும் என்ற விதியை ஒப்பந்தத்திலேயே சேர்க்க வேண்டும்.

மேலும், பேருந்து நிலையங்களிலும் நடைபாதைகளிலும் விற்கப்படும் எறும்பு சாக்பீஸ்களில் டெல்டாமெத்ரின், சைபர்மெத்ரின் போன்ற பூச்சிக்கொல்லிகள் கலக்கப்படுகின்றன. 1968-ஆம் ஆண்டின் பூச்சிக்கொல்லிகள் சட்டப்படி இவற்றுக்குப் பதிவும், நச்சுத்தன்மையை உணர்த்தும் வண்ணக் குறியோடு கூடிய சீட்டும் கட்டாயம். ஆயினும் சீட்டே இல்லாமல், பள்ளிக்கூடச் சாக்பீஸிலிருந்து குழந்தையால் பிரித்தறிய முடியாத வடிவில் அவை விற்பனையாகின்றன. பூச்சிக்கொல்லி ஆய்வாளர்கள் உரக்கடைகளோடு இவ்விடங்களையும் சோதித்து, சீட்டில்லாதவற்றைப் பறிமுதல் செய்ய வேண்டும் என்று தங்கள் நாளிதழ் வாயிலாகக் கேட்டுக்கொள்கிறேன்.

இங்ஙனம்,
ஓய்வு பெற்ற விலங்கியல் ஆசிரியர்,
திண்டுக்கல்.