பூங்கா இடத்தில் புடலங்காய்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மாடித்தோட்டம் பற்றி உங்கள் இதழில் வந்த கட்டுரையை எங்கள் தெருவில் நாலைந்து வீடுகளில் படித்தோம். நல்ல கட்டுரைதான். ஆனால் சொந்த மாடி உள்ளவர்களுக்கு எழுதியது. எங்கள் தெருவில் பாதிப் பேர் குடியிருப்பது வாடகை வீட்டில். மாடிச் சாவியைக் கேட்டாலே வீட்டுக்காரர் முகம் சுருங்கிவிடும். அதனால் நாங்கள் தரையிலேயே, பொது இடத்தில், பதினாலு வீட்டார் சேர்ந்து காய்கறி போட்டோம். மூன்று வருஷம் ஆகிறது.

தஞ்சாவூர்ப் பக்கத்து வீடு என்றால் கொல்லை இல்லாமல் இருக்காது. கிணற்றடித் தண்ணீரில் வாழை, வேலியோரம் முருங்கை, கூரையில் சுரைக்கொடி. அந்தக் கொல்லைகளெல்லாம் மனைகளாகிவிட்டன. சுற்றிலும் நெல் விளைகிற ஊரில் உட்கார்ந்துகொண்டு, ஒட்டன்சத்திரத்திலிருந்து லாரியில் வரும் கத்தரிக்காயை வாங்குகிறோம்.

எங்கள் குடியிருப்பில் பூங்காவுக்கென்று விட்ட இடம் இருபது சென்ட். சீமைக்கருவேலும் கட்டட இடிபாடும் காலி பாட்டிலுமாகக் கிடந்தது. அதில் எட்டு சென்ட்டை மட்டும் சுத்தம் செய்து, வண்டல் மண் அடித்து, 'ஆடிப்பட்டம் தேடி விதை' என்று பெரியவர்கள் சொன்னபடி கத்தரி, வெண்டை, தக்காளி எல்லாவற்றையும் ஒரே மூச்சில் போட்டோம். ஐப்பசி அடைமழையில் மூன்று நாள் தண்ணீர் நின்றது. கத்தரி வேரோடு அழுகிவிட்டது. பழமொழியைக் குறை சொல்லவில்லை. வானம் பார்த்த செம்மண் காட்டுக்கு அது சரி. எங்கள் களிமண்ணிலோ, ஆடியில் விதைத்தது காய்க்கத் தொடங்கும் நேரத்தில் மழை வந்து உட்கார்ந்துகொள்கிறது. இப்போது ஆடியில் பந்தல் அவரை மட்டும்தான். பனிக்காலத்தில் பூத்துக் காய்ப்பது அது. மற்றதெல்லாம் மழை விட்டபின் தைப்பட்டத்தில், ஒரு அடி உயர மேட்டுப்பாத்தியில். வெண்டை நாற்பத்தைந்து நாளில் கைக்கு வந்துவிடும். கீரை அதற்கும் முன்னாலேயே.

வேலிக்குக் கம்பி வாங்கப் பணமில்லை. வாய்க்கால் கரையிலிருந்து ஆடாதொடைக் குச்சிகளை வெட்டி வந்து நட்டோம். பெயரிலேயே இருக்கிறதே, ஆடு தொடாது. மாடு விஷயம் வேறு. அதற்கு இன்னும் ஆள் போட்டுத்தான் விரட்டுகிறோம்.

செடி வளர்ப்பது கஷ்டமில்லை, மனுஷரைச் சேர்த்து வைப்பதுதான் கஷ்டம். முதலில் வீட்டுக்கு ஒரு பாத்தி என்று பிரித்தோம். ஊருக்குப் போனவர் பாத்தியில் களை விதை முற்றி, பக்கத்துப் பாத்தியெல்லாம் பரவியது. ஒரு வீட்டு போரிலிருந்து தண்ணீர் எடுத்ததில் கரண்ட் பில் தகராறு. விடிவதற்குள் யாரோ புடலங்காயைப் பறித்துக்கொண்டு போக, இரண்டு வீட்டார் பேச்சையே நிறுத்திக்கொண்டார்கள். அப்புறம்தான் பாத்திப் பிரிவினையை விட்டுவிட்டு எல்லாம் பொது என்று ஆக்கினோம். தண்ணீர் விட முறை வைத்தோம். முறைப்பாசனம் டெல்டாக்காரர்களுக்குச் சொல்லித்தர வேண்டியதா என்ன! புதன், சனி மாலையில் மட்டும் பறிப்பது. பறித்ததை எல்லார் எதிரிலும் பதினாலு கூறாகக் கட்டுவது. கூறில் ஒரு காய் கூடக் குறைய இருக்கும், அதற்கு ஒரு முணுமுணுப்பும் இருக்கும். இருந்தாலும் பேச்சு நின்றுபோன இரண்டு வீட்டாரும் இப்போது ஒரே முறையில் தண்ணீர் விடுகிறார்கள்.

கத்தரியில் காய்ப்புழு வந்தபோது ஒருவர் கடை மருந்தை வாங்கி வந்துவிட்டார். பிள்ளைகள் தக்காளியைப் பறித்து அங்கேயே கடிக்கிற இடம் இது. வேண்டாம் என்று தீர்மானித்தோம். லிட்டருக்கு ஐம்பது கிராம் வேப்பங்கொட்டையை இடித்து, இரவு முழுக்க ஊறவைத்து, வடிகட்டி, கொஞ்சம் சோப்புக் கரைசல் சேர்த்து மாலையில் அடிக்கிறோம். புழு அடியோடு போய்விடாது. நாலில் ஒரு காய் சொத்தைதான். இயற்கை விவசாயத்தைப் பரப்பிய நம்மாழ்வார் பிறந்த இளங்காடு இருக்கிற மாவட்டத்தில் சொத்தையை வெட்டிப் போட்டுவிட்டுச் சமைக்கத் தெரியாமலா போகும்?

இப்போது சிக்கலுக்கு வருகிறேன். தொடங்கும்போது உள்ளாட்சி அலுவலகத்தில் கேட்டோம். 'சரி, செய்யுங்கள்' என்று வாயால் சொன்னார் அப்போதிருந்த அதிகாரி. அவர் மாற்றலாகிப் போனார். புதிதாக வந்தவர், 'பூங்கா இடத்தில் பூங்காதான் இருக்கலாம். இன்று காய்கறி, நாளைக்கு ஆக்கிரமிப்பு' என்கிறார். அவர் பயத்தில் நியாயம் இருக்கிறது. கொடிக்கம்பத்தில் தொடங்கிக் கொட்டகையில் முடிந்த பொது இடங்களை நாமும் பார்த்திருக்கிறோம். ஆனால் மூன்று வருஷத்துக்கு முன்னால் அங்கே இருந்தது பூங்கா இல்லையே, குப்பை மேடு!

மனைப்பிரிவு 10,000 சதுர மீட்டரைத் தாண்டினால், சாலை போக மீதியில் 10 விழுக்காட்டைத் திறந்தவெளிக்காக உள்ளாட்சிக்குத் தானமாக எழுதிக் கொடுக்க வேண்டும் என்பது தமிழ்நாட்டு விதி. இப்படி எழுதிக் கொடுத்த இடங்கள் டெல்டா நகரங்களில் எத்தனையோ புதராகக் கிடக்கின்றன. அதில் ஒரு பகுதியைக் குடியிருப்போர் பயிர் செய்ய எழுத்தில் அனுமதி தரட்டும். மூன்று வருஷத்துக்கு ஒருமுறை புதுப்பிக்கட்டும். சிமெண்ட் போடக் கூடாது, கொட்டகை கூடாது, விற்கக் கூடாது, கேட்டால் ஒரு மாதத்தில் காலி செய்ய வேண்டும் என்று நிபந்தனை போடட்டும். கையெழுத்துப் போடத் தயார். பணமும் கேட்கவில்லை. ஒரு தண்ணீர்க் குழாய், அப்புறம் மக்கும் குப்பையில் தயாராகிற உரத்தில் மாதம் நாலு மூட்டை கொடுத்தால் போதும். கண்ணாடித் துண்டையும் ஷாம்பு பாக்கெட்டையும் நாங்களே சலித்து எடுத்துக்கொள்வோம்.

வேறு ஊர்களில் இப்படி எழுத்துபூர்வமாக அனுமதி வாங்கியவர்கள் இருந்தால், விண்ணப்பத்தில் என்ன எழுதினார்கள், யாரிடம் கொடுத்தார்கள் என்று உங்கள் இதழ் வழியாகத் தெரிவித்தால் உதவியாக இருக்கும். தைப்பட்டத்துக்கு நாற்று விடுவதற்குள் தெரிந்தால் நல்லது.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
தஞ்சாவூர் மாவட்டம்