ஐந்நூறு பேர் சாய்த்த பேரரசா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

சென்ற இதழின் காலனியக் கட்டுரை, ‘ஐந்நூறு ஸ்பானியர் துப்பாக்கி பலத்தால் அஸ்டெக் பேரரசைச் சாய்த்தனர்’ என்கிறது. பாடநூலிலிருந்து யூடியூப் வரை ஓடிக்கொண்டிருக்கும் வரிதான். ஆனால் அந்தப் படையில் இருந்தவர்களே எழுதிவைத்த கணக்கு அதற்கு இடம் தரவில்லை.

1519இல் ஸ்பானியப் படைத்தலைவர் எர்னான் கோர்த்தேஸுடன் மெக்சிகோவில் இறங்கியவர்களில் துப்பாக்கிக்காரர் 13 பேர், குறுக்குவில் வீரர் 32 பேர், குதிரைகள் 16 என்று எண்ணிச் சொல்கிறார் உடன் வந்த சிப்பாய் பெர்னால் தியாஸ். அன்றைய துப்பாக்கியில் குழல்வாய் வழியாக மருந்தையும் குண்டையும் கெட்டித்து, எரியும் திரியால் பற்றவைக்க வேண்டும். மழையில் திரி அணைந்துவிடும். மறுமுறை கெட்டிப்பதற்குள் எதிரி கைக்கெட்டும் தூரத்துக்கு வந்துவிடுவான். எஃகு வாளும் குதிரையும்தான் அதைவிட உதவின. 1521இல் அஸ்டெக் தலைநகர் டெனோச்டிட்லான் முற்றுகையில் வெடிமருந்து தீர்ந்துபோகும் நிலை வந்தபோது, கல்லெறியும் பெரிய கவண்பொறி ஒன்றைச் சந்தைத் திடலில் நிறுத்திப் பார்த்தார்கள். அது வேலை செய்யவில்லை. அந்தத் தோல்வியை மறைக்க, ‘இரக்கப்பட்டு உங்களை விட்டுவைத்தோம்’ என்று எதிரிகளிடம் சொல்லிக்கொண்டதாகக் கோர்த்தேஸே மன்னருக்கு எழுதுகிறார்!

அப்படியென்றால் டெனோச்டிட்லான் எப்படி விழுந்தது? அஸ்டெக்குகளின் பழைய பகையாளியான ட்லாக்ஸ்காலா என்ற அண்டை அரசு முதலில் ஸ்பானியரோடு மோதிப் பார்த்துவிட்டு, பிறகு கூட்டுச் சேர்ந்தது. ஏரி நடுவிலிருந்த தலைநகரைத் தாக்கத் தேவைப்பட்ட 13 பாய்க்கப்பல்களின் மரப் பாகங்கள் ட்லாக்ஸ்காலாவில் செதுக்கப்பட்டு, ஆயிரக்கணக்கான உள்ளூர் ஆட்களின் தோளில் மலை தாண்டி ஏரிக்கரை நகரான டெக்ஸ்கோகோவுக்கு வந்தன. அங்கே அவற்றை ஏரியில் இறக்கக் கால்வாய் வெட்ட நாளொன்றுக்கு 8,000 பேர் 50 நாள் உழைத்தார்கள் என்பது கோர்த்தேஸ் தரும் கணக்கு. அந்த முற்றுகையில் ஸ்பானியர் ஏறத்தாழ 900 பேர்; உடன் நின்ற உள்ளூர்ப் படைகள் பல்லாயிரம்.

நகருக்குள் போகும் கரைப்பாதைகளை அஸ்டெக்குகள் ஆங்காங்கே வெட்டிவிட்டிருந்தார்கள். பகலில் கூட்டாளிகள் இடிபாடுகளைக் கொட்டி நிரப்புவார்கள். இரவில் அஸ்டெக்குகள் மறுபடி தோண்டிவிடுவார்கள். ஜூன் 30 அன்று ஒரு வெட்டைச் சரியாக நிரப்பாமல் முன்னேறிய படை, பின்வாங்க வழியில்லாமல் மாட்டிக்கொண்டது. ஐம்பதுக்கும் மேற்பட்ட ஸ்பானியர் உயிரோடு பிடிபட்டுப் பலியிடப்பட்டார்கள். அதைக் கண்ட கூட்டாளிகளில் பெரும்பாலோர் ஊர் திரும்பிவிட, தாக்குதலும் தளர்ந்தது. அவர்கள் திரும்பி வந்த பிறகுதான் நகரம் ஆகஸ்ட் 13இல் விழுந்தது. யார் பலத்தில் போர் நடந்தது என்பதற்கு இதைவிட வேறென்ன சான்று வேண்டும்?

அம்மை நோய்தான் வென்றது என்பாரும் உண்டு. 1520இல் பரவிய பெரியம்மை அஸ்டெக் அரசர் குயிட்லாவாக்கைக் கொன்றது உண்மை. ட்லாக்ஸ்காலாவின் மூத்த தலைவர் மாஷிஷ்காட்சினையும் அதே அம்மைதான் கொண்டுபோனது. நோய் பக்கம் பார்த்து வரவில்லை. ஸ்பானியரைக் கடவுளாக எண்ணி வணங்கினார்கள் என்பது இன்னும் பலவீனமான கதை: கோர்த்தேஸின் கடிதங்களில் திரும்பி வந்த கடவுள் என்று சொல்லப்படும் கெட்சல்கோவாட்லின் பெயரே கிடையாது, போர் முடிந்து பல பத்தாண்டுகள் கழித்து எழுதப்பட்ட நூல்களில்தான் அது உருப்பெறுகிறது.

பிறகு ‘கைப்பிடி அளவு வீரர்கள்’ என்ற கதை எங்கிருந்து வந்தது? மேலாளின் உத்தரவை மீறிக் கிளம்பியவர் கோர்த்தேஸ்; மன்னரின் மன்னிப்பும் பதவியும் அவருக்கு வேண்டியிருந்தது. மற்ற வீரர்களும் நிலமும் மானியமும் கேட்டு மனுப் போட்டவர்கள். அப்படிப்பட்ட மனுவில் பக்கத்தில் நின்று செத்தவனுக்கு எவ்வளவு இடம் கிடைக்கும்? கூட்டாளிகளும் சும்மா இருந்துவிடவில்லை. பெருவில் இன்கா பேரரசைக் கைப்பற்றிய ஸ்பானியர் பிசாரோவுக்கு உதவிய வாங்கா இனத் தலைவர்கள், தாங்கள் கொடுத்த லாமா, மக்காச்சோளம், துணி, சுமையாட்கள் அத்தனையையும் கயிற்று முடிச்சுக் கணக்கான கீப்புவில் வைத்திருந்து, 1560ஐ ஒட்டி லிமாவின் ஸ்பானிய நீதிமன்றத்தில் அதைப் படித்துக் காட்டி ஈடு கேட்டார்கள். பிசாரோவின் 168 பேரைப் பற்றி எழுதும்போது இந்தக் கணக்கையும் எடுத்துப் பார்க்கலாம்.

கட்டுரையோடு வந்த வரைபடமும் திருத்தப்பட வேண்டும். 1521 என்று போட்டு, தெற்கே இன்றைய குவாத்தமாலாவின் பெட்டேன் காடு வரை ஸ்பெயினின் நிறம் பூசப்பட்டிருக்கிறது. அங்கிருந்த இட்சா மாயர்களின் தலைநகர் ஸ்பானியர் கைக்குப் போனது 1697 மார்ச்சில்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்