‘அம்மா’ என்னும்போது உதடு மூடும் இடம்

பிரியமுள்ள மாப்ளைக்கு,

உன் கடிதம் வந்து சேர்ந்தது. அத்தைக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்று படித்ததும் மனசு லேசானது. சொட்டு மருந்தை மட்டும் நேரம் தவறாமல் விடுங்கள். இங்கே எல்லோரும் சுகம். மழைக்கு முன்னால் மாடி ஒழுகலை அடைத்துவிட்டோம்.

பாப்பா படத்தொகுப்பு கற்றுக்கொள்ள ஆசைப்படுகிறாள், எந்த சாஃப்ட்வேர், எந்த கம்ப்யூட்டர் என்று கேட்டிருக்கிறாய். அதற்குப் பதில் சின்னதுதான். டாவின்சி ரிசால்வின் இலவசப் பதிப்பு அவளுக்கு இரண்டு மூன்று வருஷத்துக்குத் தாராளம். கம்ப்யூட்டரில் 16 ஜி.பி. ரேம் கட்டாயம், 32 இருந்தால் நிம்மதி. ஃபுட்டேஜுக்கு, அதாவது எடுத்த வீடியோக்களுக்கு, தனியாக ஒரு எஸ்.எஸ்.டி. டிஸ்க் வேண்டும். காதை முழுக்க மூடுகிற நல்ல ஹெட்ஃபோன் ஒன்றும் வேண்டும். மற்றதில் சிக்கனம் பிடி, ஹெட்ஃபோனில் பிடிக்காதே. எடிட்டிங்கில் பாதிக்கு மேல் காதால் செய்கிற வேலை. கற்றுக்கொள்ள வருகிறவர்கள் கடைசியாகத்தான் அங்கே வந்து சேர்கிறார்கள். பாப்பா அங்கிருந்தே தொடங்கட்டும்.

முதல் பயிற்சிக்கு ஏதோ ஒரு படத்தை இறக்கி வெட்டிப் பழக வேண்டாம் என்று சொல். அது இன்னொருவர் ஏற்கெனவே தேர்ந்தெடுத்து முடித்தது. அவர் விலக்கிய டேக்குகள் (ஒரே காட்சியைத் திரும்பத் திரும்ப எடுத்தவை) அதில் இல்லை, அதனால் தேர்ந்தெடுக்கப் பழக முடியாது. வீட்டிலேயே ஃபோனில் ஒரு காட்சி எடுக்கட்டும். அடுக்களை. மகன் வேலைக்கு வெளியூர் போகப்போவதைச் சொல்கிறான், அம்மா காபி ஆற்றிக் கொடுக்கிறாள். இரண்டு நிமிஷம் போதும். இருவரும் தெரிகிற மாஸ்டர் ஒன்று, அவரவர் குளோஸப் ஒவ்வொன்று, தோள் வழியாக ஒவ்வொன்று. மொத்தம் ஐந்து கோணம். ஒவ்வொரு கோணத்திலும் காட்சியை முதலிலிருந்து கடைசி வரை இரண்டு தடவை நடிக்க வேண்டும். அப்போதுதான் 20 நிமிஷ ரஷ், அதாவது வெட்டாத மூலப் பதிவு, கிடைக்கும். 20 நிமிஷத்திலிருந்து இரண்டு நிமிஷம் எடுப்பதுதான் பயிற்சி.

எடுக்கும்போதே இரண்டு விஷயம் கவனிக்க வேண்டும். நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். ஷட்டர் வேகம் 1/50 அல்லது 1/100 நொடி இல்லாவிட்டால் டியூப் லைட் படத்தில் பட்டை பட்டையாக ஓடும். அதை எடிட்டில் சரிசெய்வது நரகம். அடுத்தது, ஃபோன் வெளிச்சம் குறைந்தால் தானாகவே ஒரு நொடிக்கு எடுக்கிற ஃப்ரேமை, அதாவது தனித்தனிப் படங்களின் எண்ணிக்கையை, குறைத்துக்கொள்ளும். 30 என்று காட்டும், உள்ளே ஒரு நொடிக்கு 30, இன்னொரு நொடிக்கு 27 என்று ஏறி இறங்கும். தனி ரெக்கார்டரில் எடுத்த ஒலியைச் சேர்த்தால் தொடக்கத்தில் உதடு பொருந்தும், பத்தாவது நிமிஷத்தில் விலகிப் போயிருக்கும். ஏன் என்று தெரியாமல் ராத்திரி முழுக்க உட்கார்ந்து நகர்த்திக்கொண்டிருப்பார்கள். ஃப்ரேம் ரேட்டைப் பூட்டுகிற கேமரா ஆப் ஒன்றில் 24 வைத்து எடுக்கட்டும். ஏற்கெனவே எடுத்துவிட்டிருந்தால், ஹேண்ட்பிரேக் என்ற இலவச மென்பொருளில் ‘கான்ஸ்டன்ட் ஃப்ரேம்ரேட்’ என்பதைத் தேர்ந்தெடுத்து மாற்றிய பிறகே டைம்லைனுக்குள், அதாவது கிளிப்புகளை வரிசையாக அடுக்குகிற இடத்துக்குள், கொண்டுவரட்டும்.

ரிசால்வைத் திறந்ததும் முதல் வேலை ப்ராஜெக்டின் ஃப்ரேம் ரேட்டை 24 என்று வைப்பது. கிளிப்பை உள்ளே போட்ட பிறகு அதை மாற்ற விடாது. அந்த ப்ராஜெக்ட் தனி ஃபைலாகவும் இருக்காது, கம்ப்யூட்டருக்குள் ஒரு டேட்டாபேஸில் உட்கார்ந்திருக்கும். ஃபுட்டேஜ் இருக்கிற ஃபோல்டரை மட்டும் ஹார்ட் டிஸ்கில் காப்பி எடுத்து வைத்துவிட்டு, கம்ப்யூட்டர் படுத்ததும் மூன்று மாத எடிட்டைப் பறிகொடுக்கிறவர்கள் உண்டு. தினமும் வேலை முடிந்ததும் ப்ராஜெக்டை எக்ஸ்போர்ட் செய்து, தேதி போட்டு, வேறொரு டிஸ்கில் வைக்க வேண்டும். ஃபுட்டேஜுக்கும் அதே கணக்கு. மூன்று பிரதி, இரண்டு வேறு வேறு டிஸ்க், ஒன்று வேறு வீட்டில்.

பிற்பாடு பெரிய கேமரா ஃபுட்டேஜ் கைக்கு வரும்போது இன்னொரு பொறி இருக்கிறது. கார்டை ஃபார்மட் செய்யும்போது கேமராவின் எண் வரிசை திரும்பவும் தொடக்கத்துக்குப் போனால், காலை எடுத்த கார்டிலும் சி0001, மாலை எடுத்த கார்டிலும் சி0001 இருக்கும். இரண்டையும் ஒரே ஃபோல்டரில் கொட்டினால் ஒன்று இன்னொன்றை அழிக்கும். தனித்தனி ஃபோல்டரில் வைத்தாலும், கலர் வேலைக்குக் கொடுத்த பிறகு அவர்கள் பெயரை வைத்து இணைக்கும்போது அம்மா வரவேண்டிய இடத்தில் பஸ் ஸ்டாண்ட் வந்து நிற்கும். ஆகவே ஒவ்வொரு கார்டையும் அதன் உள் ஃபோல்டர்கள் எதையும் கலைக்காமல், நாள், கேமரா, கார்டு எண் என்று பெயரிட்ட தனி ஃபோல்டரில் முழுசாக காப்பி எடுக்க வேண்டும். எடிட் தொடங்கிய பிறகு பெயரில் கை வைக்கக் கூடாது.

ஃபோன் ஃபுட்டேஜ் டைம்லைனில் திக்கித் திணறுகிறது என்பாள். கம்ப்யூட்டரைக் குறை சொல்ல வேண்டாம். எச்.265 மாதிரியான சுருக்கிய ஃபைலில் எல்லா ஃப்ரேமும் முழுப் படமாக இருக்காது. ஒன்று முழுசாக இருக்கும், அடுத்து வருகிறவை அதிலிருந்து என்ன மாறியது என்ற குறிப்பு மட்டும். நடுவில் ஒரு ஃப்ரேமில் போய் நின்றால், கம்ப்யூட்டர் அந்தக் கூட்டத்தின் முதல் ஃப்ரேமிலிருந்து கணக்குப் போட்டுக்கொண்டு வர வேண்டும். அதற்குத்தான் ப்ராக்ஸி. ஒவ்வொரு ஃப்ரேமும் தனியாக நிற்கிற லேசான பிரதி. புரோரெஸ் ப்ராக்ஸி என்ற வகையில் 1080 அளவுக்கு ஒரு மணி நேரம் சுமார் 16 ஜி.பி. பிடிக்கும். 50 மணி நேர ரஷ் உள்ள படம் ஒரு டெராபைட்டுக்குள் அடங்கிவிடும். எடிட் முடிந்து கடைசியாக வெளியே எடுக்கும்போது மறக்காமல் ஒரிஜினலுக்கு மாற்ற வேண்டும்.

இதெல்லாம் ஒரு வாரத்தில் கைக்கு வந்துவிடும். இனிமேல்தான் தொழில்.

வெட்டுவதற்கு முன் ரஷ் முழுவதையும் ஒரு நோட்டோடு உட்கார்ந்து பார்க்க வேண்டும். எந்த டேக், எந்த நிமிஷம், என்ன நடந்தது என்று எழுத வேண்டும். கூடவே முதல் தடவை பார்க்கும்போது எங்கே நெஞ்சில் பட்டது, எங்கே சலித்தது என்றும் எழுத வேண்டும். அந்த முதல் பார்வை ஒரே ஒரு தடவைதான் கிடைக்கும். நூறு தடவை பார்த்த பிறகு எது நல்ல டேக் என்று மனசுக்குத் தெரியாது, நோட்டைத்தான் கேட்க வேண்டியிருக்கும். என்.ஜி., அதாவது சரியில்லை என்று ஒதுக்கிய டேக்குகளையும் விடக் கூடாது. டைரக்டர் ‘கட்’ சொன்ன பிறகு அம்மாவாக நடித்தவர் நிஜமாகவே ஒரு பெருமூச்சு விட்டிருப்பார். காட்சிக்குத் தேவையான பார்வை அங்கேதான் இருக்கும்.

அடுத்து சிங்க், அதாவது படத்தையும் ஒலியையும் பொருத்துவது. கிளாப் கட்டைகள் ஒட்டுகிற முதல் ஃப்ரேமும் ஒலி அலையில் ஊசிபோல் எழுகிற கோடும் ஒரே இடத்தில் நிற்க வேண்டும். 24 ஃப்ரேமில் ஒரு ஃப்ரேம் என்பது சுமார் 42 மில்லிசெகண்ட், அதற்குள் ஒலி ஏறக்குறைய 14 மீட்டர் போய்விடும். தெருக் கோடியில் நின்று கிளாப் அடித்தால் மைக்குக்கு ஒரு ஃப்ரேம் தாமதமாகத்தான் வரும். கிளாப்பே இல்லையென்றால் என்ன செய்வது? நம் பாஷையிலேயே கிளாப் இருக்கிறது, மாப்ள. ‘அப்பா’ என்று மெதுவாகச் சொல்லிப் பார். ‘அ’ முடிந்ததும் உதடு ஒட்டும், சத்தம் நிற்கும். அலையில் இரண்டு மூன்று ஃப்ரேமுக்கு ஒரு பள்ளம். உதடு பிரிகிற அதே ஃப்ரேமில் ‘பா’ வெடித்துக் கிளம்பும். அதைப் பிடித்துப் பொருத்தினால் போதும், மற்ற சொற்கள் தாமாக உட்காரும். ‘அம்மா’வில் உதடு ஒட்டியிருக்கும்போதும் மூக்கு வழியே ஒலி ஓடுவதால் பள்ளம் விழாது, அலை மெலிந்து தொடரும். ஆனால் உதடு மூடியிருக்கும்போது ‘மா’ திறந்து ஒலித்தால் எந்தப் பார்வையாளனும் கண்டுபிடித்துவிடுவான். ஒலி முந்தினால் உடனே உறுத்தும், ஒரு ஃப்ரேம் பிந்தினால் பொறுத்துக்கொள்ளும். உலகத்தில் சத்தம் எப்போதும் காட்சிக்குப் பின்னால்தானே வந்து சேர்கிறது. டப்பிங் பார்க்கும்போதும் ப, ம வருகிற இடங்களை மட்டும் முதலில் பார்த்துக்கொண்டே போனால் பாதி நேரம் மிச்சம்.

இப்போது அந்த அடுக்களைக் காட்சியை வெட்டலாம். புதிதாக வருகிறவர்கள் பேசுகிறவர் முகத்தை மாற்றி மாற்றி வைப்பார்கள். மகன் பேசினால் மகன், அம்மா பேசினால் அம்மா. பார்ப்பவர் தலை இந்தப் பக்கம் அந்தப் பக்கம் ஆடிக் களைத்துவிடும். அதற்கு மருந்து, முதல் சுற்றில் மானிட்டர் மேல் ஒரு துண்டைப் போட்டு மூடிவிட்டு வசனத்தை மட்டும் வரிசைப்படுத்துவது. எந்த டேக்கில் குரல் நன்றாக இருக்கிறது, இரண்டு வசனத்துக்கு நடுவே எவ்வளவு மௌனம் என்று காது மட்டும் முடிவு செய்யட்டும். மகன் “அடுத்த வாரம் கிளம்பறேன்மா” என்கிறான். அம்மா “காபி ஆறிடும், குடி” என்கிறாள். நடுவில் அரை நொடி விட்டால் அவளுக்கு முன்பே தெரிந்திருக்கிறது. இரண்டு நொடி விட்டால் இப்போதுதான் கேள்விப்படுகிறாள். ஒரே வசனம், கதை வேறு. இதைத் தீர்மானிக்கிறவர் எடிட்டர்.

அது சரியாக அமைந்த பிறகு துண்டை எடுத்துப் படத்தைப் பொருத்தலாம். “அடுத்த வாரம்” என்ற சொல்லோடு மகன் முகத்தை விட்டு அம்மாவுக்குப் போய்விட வேண்டும். “கிளம்பறேன்மா” அவள் முகத்தின் மேல் விழ வேண்டும். காட்சி அங்கேதான் நடக்கிறது. குளோஸப்பை விட்டு விலகும்போது கடைசி ஃப்ரேமில் நடிகர் பாதிக் கண் மூடியிருக்கிறாரா என்று ஒவ்வொரு ஃப்ரேமாக நகர்த்திப் பார்க்கச் சொல். 24-இல் ஒன்றுதானே என்று விட்டால் முகம் கோணிப்போன மாதிரி ஒரு உறுத்தல் இருந்துகொண்டே இருக்கும்.

டம்ளரை வைக்கிற இடத்தில் மாஸ்டரிலிருந்து குளோஸப்புக்குப் போகலாம். கை இறங்கிக்கொண்டிருக்கும்போது வெட்ட வேண்டும், வைத்து முடித்த பிறகு வெட்டினால் தட்டும். குளோஸப்பில் அந்த அசைவை இரண்டு ஃப்ரேம் திரும்பக் காட்டித் தொடங்கினால், படம் மாறியதும் கண் புது இடத்தைத் தேடுகிற நேரத்துக்கு ஈடாகும். டம்ளர் மேடையில் படுகிற ‘டக்’ ஒலி வெட்டின் மேலேயே விழுந்தால் வெட்டு இரண்டு மடங்கு தெரியும். இரண்டு மூன்று ஃப்ரேம் தள்ளி விழட்டும். ஒரு டேக்கில் டம்ளர் வலது கையில், இன்னொன்றில் இடது கையில் என்று வந்தால் பதற வேண்டாம். நடிப்பு நன்றாக இருக்கிற டேக்கை எடுத்து, கை தெரியாத இடமாகப் பார்த்து வெட்டட்டும். டம்ளருக்காக நல்ல முகத்தை இழப்பது தப்பு.

அடுக்களையில் ஃபேன் ஓடுகிற சத்தம் ஒவ்வொரு டேக்கிலும் ஒவ்வொரு மாதிரி இருக்கும். வெட்டு விழும் இடத்தில் அது பொட்டென்று மாறும். அதற்குத்தான் படப்பிடிப்பு முடிந்ததும் யாரும் பேசாமல் முப்பது நொடி அறையின் சத்தத்தை மட்டும் எடுத்து வைப்பது. அதைக் காட்சி முழுக்க அடியில் ஓட விட வேண்டும். அம்மா குரல் ஒரு டிராக், மகன் குரல் இன்னொரு டிராக், முனைகளில் இரண்டு மூன்று ஃப்ரேம் ஃபேட், அதாவது ஒலி மெல்ல ஏறி இறங்குவது. இதைச் செய்ததும் கரடுமுரடாக இருந்த எடிட் திடீரென்று வழுவழுவென்று ஆகிவிடும். படத்தில் ஒரு ஃப்ரேமைக்கூடத் தொட்டிருக்க மாட்டாள்.

சினிமாவில் சேர்ந்தால் வேலை இதே வேலைதான், ஒழுங்குதான் இன்னும் கடுமை. முதலில் கரடான ரஃப் கட், அடுத்து மெருகேற்றிய ஃபைன் கட், பிறகு இனி மாற்றமில்லை என்ற லாக். லாக் ஆனதும் படத்தை 20 நிமிஷ அளவில் ரீல்களாகப் பிரித்து டப்பிங், எஃபெக்ட்ஸ், ரீரெக்கார்டிங், டி.ஐ. (கலர் வேலை), சி.ஜி. (கம்ப்யூட்டர் காட்சிகள்) என்று எல்லா இடத்துக்கும் ஒரே நாளில் கொடுப்பார்கள். பாட்டின் நடுவிலோ வசனத்தின் நடுவிலோ ரீலைப் பிரிக்கக் கூடாது. ஒவ்வொரு ரீலுக்கும் முன்னால் எட்டு நொடி லீடர் என்ற துண்டு, படம் தொடங்க இரண்டு நொடி முன்னால் ஒரே ஒரு ஃப்ரேமுக்கு ஒரு ‘பீப்’. எல்லாரும் அந்த ‘பீப்’பை வைத்துத்தான் பொருத்திக்கொள்கிறார்கள். லாக்குக்குப் பிறகு யாராவது ஐந்து ஃப்ரேம் குறைத்தால், அந்த ரீலில் அதற்குப் பின்னால் வருகிற இசை, ஒலி, கலர் எல்லாமே ஐந்து ஃப்ரேம் தள்ளிப்போகும். அசிஸ்டென்ட் எடிட்டராகப் போகிற பெண் இந்தக் கணக்கில் பிசகாதவள் என்று பெயர் எடுத்தால் அவளை யாரும் விட மாட்டார்கள். சேர்ந்து படிக்க வேண்டுமென்றால் தரமணி எம்.ஜி.ஆர். திரைப்படக் கல்லூரியிலும் புனே திரைப்பட இன்ஸ்டிடியூட்டிலும் கொல்கத்தா சத்யஜித் ரே இன்ஸ்டிடியூட்டிலும் படத்தொகுப்பு தனிப் பாடப் பிரிவாகவே இருக்கிறது. ஆனால் கையில் ஒரு காட்சி வெட்டி வைத்துக்கொண்டு போனால்தான் அங்கே கேட்க வேண்டிய கேள்வி வாயில் வரும்.

அடுக்களைக் காட்சியை முடித்ததும் ஒரு ராத்திரி தள்ளிப்போட்டு, மறுநாள் டி.வி.யில் நிறுத்தாமல் ஓட விட்டுப் பார்க்கட்டும். பக்கத்தில் அத்தையை உட்கார வை, கண் கட்டு அவிழ்ந்த பிறகு. திரையைப் பார்க்காமல் அத்தை முகத்தைப் பாப்பா பார்க்கட்டும். அவர் கவனம் எங்கே நழுவுகிறதோ அந்த இடத்துக்குக் கொஞ்சம் முன்னால்தான் தப்பு இருக்கும்.

பிறகு மாமா எனக்கு அனுப்பச் சொல். படத்தின் கீழ் ஓரத்தில் டைம்கோடு, அதாவது நிமிஷம், நொடி, ஃப்ரேம் எண், ஓட வேண்டும், இல்லாவிட்டால் எந்த ஃப்ரேமைச் சொல்கிறேன் என்று எழுத முடியாது. எச்.264 ஃபைல், 1080 அளவு, நொடிக்கு எட்டு மெகாபிட் போதும். வாட்ஸப்பில் வீடியோவாக அனுப்பினால் நசுக்கிவிடும், டாக்குமென்டாக அனுப்பட்டும். கூடவே ரஷ் பார்த்த நோட்டின் பக்கங்களையும் ஃபோட்டோ எடுத்து அனுப்பச் சொல். நான் முதலில் அதைத்தான் படிப்பேன்.

அன்புடன்,
உன் மச்சான்