சோழகம் எழும்ப முன்

யாழ்ப்பாணம்
சித்திரைக் கடைசி

அன்பின் நண்பருக்கு,

நாங்கள் நலம். நீரும் மனுசியும் பிள்ளைகளும் சுகமாயிருப்பீர்கள் என்று நம்புகிறேன். வாட்ஸ்அப்பில் எழுதினால் ஒரு கட்டைவிரலைக் காட்டிவிட்டுப் போய்விடுவீர் என்பதால் கடதாசி எடுத்திருக்கிறேன். பக்கம் கூடினால் பொறுத்துக்கொள்ளும். மத்தியானத்தில் வேறு வேலை செய்ய இந்த வெயில் விடுவதாயில்லை.

ரொறன்ரோவில் ஏப்ரலிலும் பனி தள்ளினதாக எழுதியிருந்தீர். இங்கே வருசப் பிறப்போடு சூரியன் உச்சிக்கு வந்துவிட்டது. சித்திரைத் தொடக்கத்தில் ஒருக்கா, ஆவணியில் ஒருக்கா எங்கள் தலைக்கு நேர் மேலே நிற்கும் என்று படிப்பித்தவர் நீர்தானே. மத்தியானம் 12 மணி 10 நிமிடமளவில் முற்றத்தில் தடி நட்டு நிழலைத் தேடுங்கோ என்று பிள்ளைகளுக்கு விடுமுறை வேலை கொடுத்தீர். தேய்ந்துபோன தடியோடு பள்ளிக்கூடம் வந்து "நிழலைக் காணவில்லை சேர்" என்று சொன்ன பெடியனை நினைத்து இப்போதும் சிரிப்பு வரும்.

வெயிலைவிட ஆளை வாட்டுவது புழுக்கம். வாடைக்காற்று எப்போதோ நின்றுவிட்டது, தென்மேற்கிலிருந்து வருகிற சோழகக்காற்று இன்னும் எழும்பவில்லை. இடைப்பட்ட இந்த நாட்களில் வேப்பமரத்தில் ஒரு இலை அசையாது. மூத்தவன் லண்டனில் இருந்து ஏசி பூட்டக் காசு அனுப்புகிறேன் என்று நிற்கிறான். மனுசிக்கு அரை மனது. நான் பிடிகொடுக்கவில்லை. ஏன் என்று அவனுக்குச் சொல்ல வரவில்லை, உமக்குச் சொல்லிப் பார்க்கிறேன்.

விடிய நாலரை, ஐந்துக்கு எழும்பிவிடுகிறேன். கூரையில் இருக்கிற கறுப்புத் தாங்கியின் தண்ணீர் பத்து மணிக்கே தேத்தண்ணி போடலாம் போலச் சுடுகிறது. விடியும் வரைக்கும் அந்தச் சூடு ஆறாது, அதனால் பழையபடி கிணற்றடிக்குப் போய், கப்பியில் வாளி போட்டு அள்ளிக் குளிக்கிறேன். தண்ணீர் நல்லாய்க் கீழே இறங்கிவிட்டது, ஆனால் குளிர்ச்சி குறையவில்லை. முதல் வாளி தலையில் விழும்போது மூச்சு ஒருக்கா நின்றுதான் வரும். அந்த ஒரு வாளிக்காகவே இரவு முழுக்க வேர்க்கலாம் என்று தோன்றுகிறது. மனுசியிடம் இதைச் சொன்னேன், "வேர்த்ததைத் தோய்க்கிற ஆளைக் கேளுங்கோ" என்றா.

குளிக்கிற தண்ணீர் வாய்க்காலில் ஓடி வாழைக்குப் போகும். வாழை குடித்து மிஞ்சினால் தென்னைக்கு. ஐயா இருந்த காலத்தில் வாளி எண்ணிக் குளிக்க வேண்டும். அப்போது கஞ்சத்தனம் என்று நினைத்தோம். ஆறு ஓடுகிற ஊரா எங்களுடையது? ஐப்பசி தொடங்கி மார்கழி வரை கொட்டுகிற மழை சுண்ணக்கல்லுக்குள் இறங்கி, கீழே கிடக்கிற உப்புத் தண்ணீருக்கு மேலே மிதக்கிறது. அவசரப்பட்டு இறைத்தால் உவர் மேலே ஏறிவிடும். பக்கத்து ஒழுங்கையில் ஒரு வீட்டில் குழாய்க்கிணறு அடித்து, புல்லுக்கு நாள்முழுக்க மோட்டர் ஓட விடுகிறார்கள். சொல்லப் போனால் சண்டை. சொல்லாமலும் இருக்க முடியவில்லை.

குளித்து வந்தால் பழஞ்சோறு. இதைக் கொஞ்சம் விரிவாகத்தான் எழுதப் போகிறேன், நீர் அங்கே சீரியல் சாப்பிடுகிற ஆள் என்று தெரிந்தே. இரவு மிஞ்சின சிவப்பரிசிச் சோற்றுக்குத் தண்ணீர் ஊற்றி மண்சட்டியில் மூடி வைக்கிறது. விடிய அதைப் பிழிந்தெடுத்து, முதல்நாள் மீன் குழம்பு வற்றிக் கிடக்கிற சட்டிக்குள்ளேயே போட்டு, சின்ன வெங்காயம், பச்சை மிளகாய், கொஞ்சம் தயிர் விட்டுக் குழைக்க வேண்டும். குழம்பு புதிதாயிருந்தால் சரிவராது. ஒரு இரவு கடந்து, எண்ணெய் திரண்டு, புளி ஊறியிருக்க வேண்டும். மனுசி திரளையாக உருட்டி ஒவ்வொருவர் கையிலும் வைப்பா. பேத்திக்குப் பின்னால் நானும் கையை நீட்டிக்கொண்டு வரிசையில் நிற்கிறேன். பிழிந்த பழந்தண்ணிக்கு உப்பும் தேசிக்காய்ப் புளியும் விட்டால் பதினொரு மணி வரைக்கும் தாகம் எடுக்காது. கிளினிக்கில் சீனி வருத்தத்துக்குச் சோற்றைக் குறைக்கச் சொன்னார்கள். குறைத்திருக்கிறேன், மத்தியானத்தில்.

பனையில் இறக்கின கருப்பநீரும் இடைக்கிடை கிடைக்கிறது. முட்டிக்குள் சுண்ணாம்பு சரியாகப் பூசியிருந்தால்தான் அது கருப்பநீர், இல்லாவிட்டால் என்ன என்று உமக்கு நான் சொல்லத் தேவையில்லை. பனையோலைப் பிளாவில் ஊற்றி மாங்காய்த் துண்டு போட்டுக் குடித்தோம். நுங்கு வந்துவிட்டது. முந்தாநாள் ஒரு பெடியன் குலையோடு இறக்கித் தந்தான். பேத்திக்குப் பெருவிரலால் தோண்டிக் குடிக்கப் பழக்கினேன். முகம், சட்டை எல்லாம் தண்ணீர். மிச்சத்தை மருமகள் பிரிஜ்ஜில் வைத்தா, பின்னேரம் எடுத்துக் குடித்தால் வெறும் குளிர்தான் நாக்கில் நின்றது. மரத்தால் இறக்கி அந்தந்த நேரத்தில் குடிக்க வேண்டிய சாமான் அது. ஒரு கிழமை பிந்தினால் முற்றிச் சீக்காய்.

இந்த வெயிலைத் திட்டிக்கொண்டே நாங்கள் எதையெல்லாம் அதில் காயப் போடுகிறோம் என்று பாரும். வேப்பம்பூ கொட்டி முடியிற நேரம். மனுசி மரத்துக்குக் கீழே பழைய சேலை விரித்துப் பொறுக்கி, உளுந்தும் செத்தல் மிளகாயும் சேர்த்து வடகம் தட்டிவிட்டா. மோர்மிளகாய் ஒரு சுளகு, வெங்காய வடகம் ஒரு சுளகு. காகம் கலைக்கிற உத்தியோகம் எனக்கு. பென்சன் எடுத்த பள்ளிக்கூட அதிபருக்கு ஏற்ற வேலை என்று பேத்தி சொல்கிறாள். உமக்கு ஒரு போத்தல் வடகம் எடுத்து வைத்திருக்கிறது, கனடா போகிற ஆரும் இருந்தால் சொல்லும்.

மத்தியானம் விறாந்தையில், நீர் விட்டுவிட்டுப் போன சாய்மனைக் கதிரையில், உதயன் பேப்பரை முகத்தில் போட்டுக்கொண்டு கிடப்பேன். பின்னால் கொங்கிறீற் பிளாட் போட்டுக் கட்டின அறைகள் பகல் வெயிலை வாங்கி வைத்து இரவு முழுக்க விடுகின்றன. முன்பக்கத்து ஓட்டுக்குக் கீழேதான் இருக்க முடிகிறது. 2022 மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் கரண்ட் வெட்டினார்களே, அப்போது விறாந்தையில் பன்பாய் விரிக்கத் தொடங்கினோம். பிறகு கரண்ட் வந்தும் கோடையில் உள்ளே போவதில்லை. அந்த நேரம் சிலர் சொன்னார்கள், தொண்ணூறுகளில் வருசக்கணக்காய்க் கரண்ட் இல்லாமல் ஜாம் போத்தல் விளக்கோடு இருந்த எங்களுக்கு இதென்ன பெரிய விசயம் என்று. எனக்கு அந்தக் கதை பிடிக்காது. வேறு வழியில்லாமல் கிடந்ததை விரும்பிக் கிடந்ததாகக் கதைக்கக் கூடாது. இப்போது விறாந்தையில் படுக்கிறது எனக்கு ருசிப்பதற்குக் காரணமே, வேண்டுமென்றால் எழும்பி உள்ளே போய் காற்றாடியைப் போடலாம் என்பதுதான்.

ஏசிக்கும் என் பதில் இதற்குள்தான் இருக்கிறது. அறையைப் பூட்டிக்கொண்டு உள்ளே இருந்தால் விடிய நாலரைக்கு எழும்ப மாட்டேன், கிணற்றடிக்குப் போக மாட்டேன், பழந்தண்ணியும் இவ்வளவு இனிக்காது. ஆனால் மாமிக்கு எண்பது கடந்துவிட்டது. பின் அறையில் இரவிரவாய் விசிறியோடு குந்தியிருக்கிறா. விறாந்தைக்கு வரச் சொன்னால் கால் ஏலாது என்கிறா. அவவுக்கு என் தத்துவம் தேவையில்லை, குளிர்தான் தேவை. அந்த ஒரு அறைக்கு மட்டும் பூட்டுவோம் என்று நேற்று மகனுக்குச் சொன்னேன். "நீங்களும் அங்கேதான் போய்ப் படுக்கப் போறியள்" என்று சிரித்தான். பார்ப்போம்.

இனி உம்முடைய வளவுச் சங்கதி. கறுத்தக்கொழும்பான் மாமரம் இந்த முறை குலைகுலையாய்க் காய்த்திருக்கிறது. ஆனியில் பழுக்கும். பாதி அணிலுக்கும் வௌவாலுக்கும், மிச்சத்தை வழமைபோல ஒழுங்கைக்குள் பங்கிடுகிறேன். சிக்கல் என்னவென்றால் கிழக்குப் பக்கக் கொப்பு அடுத்த வீட்டு ஓட்டுக்கு மேலே போய்விட்டது. சோழகம் எழும்பினால் காய் விழுந்து ஓடு உடையும். அவர்கள் சண்டைக்கு வரவில்லை, வேலியடியில் நின்று மெல்லக் கேட்டார்கள். காய் ஆய்ந்த பிறகு வெட்டலாம், அதுவரைக்கும் கயிறு போட்டு இழுத்துக் கட்டலாம் என்பது என் யோசனை. உம்முடைய மனுசி நட்ட மரம், அவவைக் கேட்காமல் கத்தி வைக்க மாட்டேன். கேட்டுவிட்டு இந்தக் கிழமைக்குள் ஒரு ரெலிபோன் கோல் எடும், கயிறு கட்ட ஆள் பிடிக்க வேண்டும்.

அன்புடன்,
உம்முடைய பழைய ஆசிரியர் அறைக் கூட்டாளி