பையோடு வருகிறவரை உள்ளே விடுங்கள்

தமிழகக் கல்லூரிகளின் தமிழ்த் துறைத் தலைவர்களுக்கு,

வணக்கம். போன மாதம், நான் அச்சிட்ட கவிதைத் தொகுப்பில் முப்பது பிரதிகளைத் தூக்கிக்கொண்டு ஒரு கல்லூரிக்குப் போனேன். பெயர் வேண்டாம். பையைப் பார்த்ததுமே வாசல் காவலாளி, “விற்பனைக்கு அனுமதி இல்லை சார்” என்றார். அவரைச் சொல்லிக் குற்றமில்லை. எதிரே டீக்கடையில் உட்கார்ந்தபோது சி.சு. செல்லப்பா ஞாபகம் வந்தது.

திருவல்லிக்கேணி பிள்ளையார் கோயில் தெருவில் இருந்துகொண்டு ‘எழுத்து’ என்ற இலக்கியச் சிற்றிதழை நடத்தியவர். 1959 ஜனவரியில் தொடங்கும்போதே, இரண்டாயிரம் பிரதிக்கு மேல் அச்சிடுவதில்லை என்று அறிவித்துவிட்டார். ஆளில்லாத கடைக்கு முன்கூட்டியே ‘ஹவுஸ்ஃபுல்’ பலகை எழுதி வைத்த மாதிரி! சந்தா அந்த வரம்புக்குப் பக்கத்தில்கூட வரவில்லை. ஆனாலும் 1970 வரை 119 இதழ்கள் வந்தன. பிச்சமூர்த்தி, பசுவய்யா, சி. மணி, திருகோணமலையிலிருந்து எழுதிய இளைஞர் தருமு சிவராமு எல்லாரும் அதில்தான் எழுதினார்கள். 1962இல் 24 பேரின் 63 கவிதைகளைத் திரட்டிப் ‘புதுக்குரல்கள்’ போட்டார். அந்தக் கவிஞர்களைத்தான் இன்று நீங்கள் வகுப்பில் நடத்துகிறீர்கள்.

தான் பதிப்பித்த, கடைக்காரர்கள் வாங்காத புத்தகங்களை அவர் என்ன செய்தார்? பையில் அடைத்து, தோளில் போட்டுக்கொண்டு, ஊர் ஊராகக் கல்லூரிப் படி ஏறினார். கதர் வேட்டிக்காரர், காந்தி பக்தர், மகா பிடிவாதம். அவரோடு ஒத்துப்போவது லேசில்லை. பரிசு என்றாலே ஒதுங்குவார். எண்பது தாண்டியும் ‘சுதந்திர தாகம்’ நாவலை மூன்று பாகமாகத் தானே அச்சிட்டார், அது 1997இல். அடுத்த ஆண்டு டிசம்பரில் போய்ச் சேர்ந்தார். அந்த நாவலுக்குச் சாகித்திய அகாதெமி 2001இல் விருது கொடுத்தபோது, வேண்டாம் என்று சொல்ல ஆள் இல்லை.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். நான் செல்லப்பா இல்லை. அந்த வைராக்கியத்தில் கால்வாசிகூட என்னிடம் கிடையாது. ஆனால் அன்று அவருக்குத் திறந்த கதவுகள் உங்கள் துறைகளின் கதவுகள்தானே? மாதம் ஒரு நாள், மதிய உணவு இடைவேளையில், நூலகத் தாழ்வாரத்தில் ஒரு மேசை போட விடுங்கள். துறைப் பணம் வேண்டாம், பொன்னாடையும் வேண்டாம். பிள்ளைகள் புரட்டிப் பார்க்கட்டும். வாங்குவதும் வைத்துவிட்டுப் போவதும் அவர்கள் இஷ்டம். முக்கியமாக, வாசலில் இருப்பவரிடம் முன்னாடியே ஒரு வார்த்தை சொல்லி வையுங்கள்.

முப்பது பிரதியும் அப்படியே இருக்கின்றன. வருகிற திங்கட்கிழமை வேறொரு கல்லூரிக்குப் புறப்படுகிறேன்.

இப்படிக்கு,
ஒரு சிறு பதிப்பாளன்